சிற்றிதழ்களின் இணையப் பெயர்ச்சியும் பிரதிகளின் காவலும்

கடந்த கால் நூற்றாண்டில் தமிழின் கலை, இலக்கியச் சிற்றிதழ்கள் பல அச்சைக் கைவிட்டு இணையத்திற்குப் பெயர்ந்துள்ளன. இப்பெயர்ச்சியைக் குறித்து எழுதுவோர் பெரும்பாலும் வாசிப்பின் சுகத்தைப் பற்றியே பேசுகின்றனர். காகிதத்தின் மணம், கையில் ஏந்தும்போது உண்டாகும் நெருக்கம், திரையில் படிப்பதால் கண்ணுக்கு நேரும் களைப்பு என்பன அவர்தம் கவலைகள். இவை பழக்கத்தைச் சார்ந்தவை; ஒரு தலைமுறை மாறும்போது தாமே மாறிவிடும். இதனினும் ஆழமான வினா ஒன்று உண்டு. இன்று இணையத்தில் வெளியாகும் ஓர் இதழை ஐம்பது ஆண்டுகள் கழித்து ஓர் ஆய்வாளர் தேடினால், எங்கே சென்று தேடுவார்? யாரிடம் கேட்பார்?

இவ்வினாவை மரக்காணத்துக் கரையில் இருந்து கேட்பதில் ஒரு பொருத்தம் இருக்கிறது. விழுப்புரம் மாவட்டத்தின் இவ்வுப்பளக் கரையைக் கிரேக்க வணிகக் கையேடான 'எரித்திரையக் கடற்பயண நூல்' சொல்லும் சோபட்மா என்னும் துறைமுகத்தோடு பொருத்திக் காட்டுவர் ஆய்வாளர். கி.பி. முதல் நூற்றாண்டில் எழுதப்பட்ட அந்நூலின் மூலம் இன்றுவரை எஞ்சியது, 10ஆம் நூற்றாண்டில் எவரோ பெயர்த்தெழுதி, இன்று ஜெர்மனியின் ஹைடல்பெர்க் நகரில் காக்கப்படும் ஒரு கையெழுத்துச் சுவடியாலேதான். பிற்காலத்துப் பிரதி ஒன்று இலண்டனில் உள்ளது. பத்துப்பாட்டில் ஒன்றான சிறுபாணாற்றுப்படை, ஓய்மாநாட்டு நல்லியக்கோடனின் எயிற்பட்டினத்தைப் பேசுகிறது. அதுவும் மரக்காணமே என்பது அறிஞர் பலரின் கருத்து. அப்பாட்டு ஏட்டிலிருந்து ஏட்டிற்குப் பெயர்க்கப்பட்டு வந்து, 1889ஆம் ஆண்டில் உ.வே. சாமிநாதையரின் பத்துப்பாட்டுப் பதிப்பில் அச்சேறிற்று. ஊரிலுள்ள பூமீஸ்வரர் கோயிலின் சோழர் காலக் கல்வெட்டுகளோ உப்பளங்களைக் குறிக்கின்றன. தோல், ஓலை, கல் என மூன்று பொருள்களில் இக்கரையின் பழமை நமக்கு வந்து சேர்ந்திருக்கிறது. கல் தானே நின்றது. மற்ற இரண்டையும் மனிதர்கள் மீண்டும் மீண்டும் படியெடுத்துக் காத்தனர். படியெடுப்பவர் ஒரு தலைமுறையில் ஓய்ந்திருந்தால் எயிற்பட்டினம் என்ற பெயரே நமக்குத் தெரிந்திராது.

சிற்றிதழ் என்பது தோற்றத்திலேயே குறைந்த பிரதிகளுக்கு உரியது. சி.சு. செல்லப்பா 1959 ஜனவரியில் தொடங்கி 1970 வரை நடத்திய 'எழுத்து', இரண்டாயிரம் பிரதிகளுக்கு மேல் அச்சிடுவதில்லை என்பதைக் கொள்கையாகவே அறிவித்தது. உண்மையில் அந்த எண்ணிக்கையை எட்டுவதே பெரும்பாடாயிருந்தது. அவர் நூல்களைத் தாமே சுமந்துகொண்டு கல்லூரி கல்லூரியாகச் சென்று விற்றது இலக்கிய வரலாற்றில் பதிவாகியுள்ள செய்தி. அவருக்குப் பின் வந்த 'கசடதபற' முதலான இதழ்களின் கதையும் ஏறத்தாழ இதுவே. சில நூறு பேர் படித்தனர். ஆயினும் தமிழ்ப் புதுக்கவிதையும் நவீன நாடகமும் நவீன ஓவியம் பற்றிய பேச்சும் அச்சில நூறு பிரதிகளின் வழியாகவே வளர்ந்தன. கே.எம். ஆதிமூலத்தின் கோட்டோவியங்களைத் தமிழ் வாசகர் பலர் முதலில் கண்டது கலைக்கூடத்தில் அன்று; சிற்றிதழின் அட்டையில்தான்.

இத்தகைய இதழின் வரவுசெலவை அருகிருந்து பார்த்தவர்க்கு, அது ஏன் இணையத்திற்குப் போகிறது என்று விளக்க வேண்டியதில்லை. கட்டுரையாளருக்கு ஊதியமில்லை, ஆசிரியருக்கும் இல்லை. செலவெல்லாம் காகிதம், அச்சு, கட்டுமானம், அஞ்சல் என்ற நான்கிலேயே அடங்கும். இவை நான்கும் இதழ் எத்தனை பேரைச் சென்றடைகிறதோ அத்தனைக்கு ஏறுவன. வாசகர் பெருகினால் மகிழ வேண்டிய ஆசிரியர், பெருகப் பெருக இழப்பும் பெருகுவதைக் காண்கிறார். ஏனெனில் சந்தாத் தொகை அடக்க விலைக்கே போதாது. முகவரிடம் கொடுத்த பிரதிகளுக்குப் பணம் வருவது அரிது. விற்காத பிரதிகள் திரும்பி வருவதும் அரிது. பெருந்தொற்றுக் காலத்தில் அஞ்சலும் கடைகளும் முடங்கின. அதனையடுத்துக் காகித விலையும் ஏறிற்று. 2024 டிசம்பரில் இந்திய அஞ்சல் துறை, நூல்களைக் குறைந்த கட்டணத்தில் பதிவஞ்சலாக அனுப்பும் ஏற்பாட்டை நிறுத்தியபோது, சிறு பதிப்பாளர்கள் முறையிட்டனர். நடத்துவது இரண்டாம் வேலையாகவும் மூன்றாம் வேலையாகவும் அமைந்த ஓர் இதழுக்கு இவற்றில் ஒன்று போதும், நின்றுவிட.

இணையத்தில் இக்கணக்கு தலைகீழாகிறது. நூறு பேர் படித்தாலும் பத்தாயிரம் பேர் படித்தாலும் செலவு ஏறத்தாழ ஒன்றே. ஆண்டுதோறும் தளப் பெயருக்கும் சேமிப்பு இடத்திற்கும் கட்டும் வாடகை, ஓர் இதழை அச்சிட ஆகும் செலவில் சிறு பகுதி. இதனை முதலில் உணர்ந்தவர்கள் புலம்பெயர்ந்த தமிழரும் அயலகத் தமிழரும் என்பது தற்செயல் அன்று. அவர்களுடைய வாசகர்கள் பல நாடுகளில் சிதறியிருந்தனர். அஞ்சல் கட்டணம் இதழின் விலையை மிஞ்சிற்று. 1999இல் 'திண்ணை' இணையத்திலேயே பிறந்தது. 2000இல் கனடாவிலிருந்து வ.ந. கிரிதரனின் 'பதிவுகள்' வந்தது. 2009இல் 'சொல்வனம்' தொடங்கிற்று. இவை அச்சின் அனுபவமே இல்லாமல் தொடங்கியவை. ஆதலால் பெயர்ச்சி என்ற சொல் இவற்றுக்குப் பொருந்தாது.

பெயர்ச்சிக்குச் சிறந்த சான்று மலேசியாவின் 'வல்லினம்'. ம. நவீனும் அவருடைய நண்பர்களும் 2007இல் காலாண்டு அச்சிதழாகத் தொடங்கிய அது, 2009இல் இணைய இதழாயிற்று. மலேசியாவில் அச்சிதழ் நடத்துவதற்கு 1984ஆம் ஆண்டின் அச்சகங்கள் மற்றும் வெளியீடுகள் சட்டத்தின்படி உள்துறை அமைச்சின் உரிமம் வேண்டும். 2012இல் சட்டம் திருத்தப்படும்வரை அவ்வுரிமத்தை ஆண்டுதோறும் புதுப்பிக்க வேண்டியிருந்தது. சிறு இதழ்களுக்கு இது ஒரு சுமை. இணையத்திற்கு அவ்வுரிமம் தேவைப்படவில்லை. இவ்விதழின் வரலாற்றில் நான் மதிப்பது இணையத்திற்குப் போனதை மட்டுமன்று. போன பிறகும் அது அச்சை முற்றும் துறக்கவில்லை. நூல்களைப் பதிப்பித்தது, ஆண்டுதோறும் கலை இலக்கிய விழா எடுத்தது, 2014இல் தன் முதல் விருதை மூத்த நாவலாசிரியர் அ. ரெங்கசாமிக்கு அளித்தது, நூறு இணைய இதழ்கள் நிறைந்தபோது 'வல்லினம் 100' என்னும் தொகுப்பை அச்சில் கொண்டுவந்தது. இதழ் திரையில் வாழ, அதன் சாரம் நூலாக அலமாரியிலும் இடம்பெற்றது.

தமிழகத்தில் வேறொரு வழி கையாளப்பட்டது. துவரங்குறிச்சியைச் சேர்ந்த கவிஞர் மனுஷ்ய புத்திரன், இயற்பெயர் அப்துல் ஹமீது, 2003இல் தொடங்கிய 'உயிர்மை' அச்சிதழாக வந்துகொண்டிருக்கும்போதே, 2008இல் 'உயிரோசை' என்னும் இணைய வார இதழை உடன் நடத்திற்று. மாத இதழின் பக்கங்களில் இடம்பெற இயலாத பல எழுத்துகளுக்கு அது களமாயிற்று. இலங்கையில் 'மூன்றாவது மனிதன்' இதழை நடத்திய எம். பௌசர், பின்னர் இலண்டனிலிருந்து 'எதுவரை'யை முதலில் அச்சிலும் அதன்பின் இணையத்திலும் கொணர்ந்தார். போர்க்காலத்தில் தமிழ், முஸ்லிம், சிங்கள எழுத்தாளர்களை ஒரே மேடையில் அமர்த்திய ஆசிரியர் அவர். அவர் நடத்திய இதழ்களின் பக்கங்கள் வெறும் இலக்கியம் ஆகா, ஓர் இன உறவு வரலாற்றின் மூல ஆவணங்களுமாம்.

மரக்காணம், கூனிமேடு போன்ற கரையூர்களின் வாசகனுக்கு இப்பெயர்ச்சியால் விளைந்த நன்மையைக் குறைத்து மதிப்பிடலாகாது. கூனிமேடு, 17ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் ஆங்கிலக் கிழக்கிந்தியக் கம்பெனி பண்டசாலை வைத்திருந்த ஊர். முஸ்லிம்கள் மிகுதியாக வாழும் கரையூர். ஆயினும் புத்தகக் கடைக்குப் புதுச்சேரிக்கோ திண்டிவனத்துக்கோ செல்ல வேண்டும். சென்று சேர்ந்தாலும் சிற்றிதழ் அங்கே இருப்பது உறுதியன்று. சந்தா கட்டினால் அஞ்சலில் வரும். வராத மாதங்களும் உண்டு. வந்தபோது அடுத்த இதழ் வெளியாகியிருக்கும். உப்பளத்தில் கூலி வேலை பார்த்துக்கொண்டே படித்த இளைஞனுக்கோ, வளைகுடா நாட்டில் பணிபுரியும் அவன் அண்ணனுக்கோ, சென்னையின் இலக்கிய வட்டத்தில் பேசப்படும் ஒரு கட்டுரை கிட்டுவது முன்னர் அரிய நிகழ்ச்சி. இன்று இருவரும் ஒரே நாளில் அதைப் படித்துவிட முடிகிறது. கலை பற்றிய எழுத்துக்கு இதில் இன்னொரு பேறும் உண்டு. வண்ண ஓவியத்தைப் பற்றிய கட்டுரையோடு கறுப்பு வெள்ளை நிழற்படத்தை மங்கலாக அச்சிட்டு, வண்ணத்தை வாசகர் கற்பனை செய்துகொள்ளட்டும் என்று விட்ட காலம் போயிற்று. பாடலைப் பற்றி எழுதுபவர் பாடலையே உடன் வைக்கலாம்.

இழப்புகளும் உள. அச்சிதழ் ஒரு முழுமை: தலையங்கம், கவிதை, மொழிபெயர்ப்பு, மதிப்புரை, வாசகர் கடிதம் என ஒன்றையொன்று தழுவி நிற்கும். கதைக்காக வாங்கியவர் பக்கம் புரட்டுகையில் கல்வெட்டுக் கட்டுரையில் தட்டுப்படுவார். இணையத்தில் ஒவ்வொரு படைப்பும் தனித்தனியே வாசகரிடம் போகிறது. இதழ் என்ற வரிசையைக் கண்டவர் சிலரே. பக்க நெருக்கடி இல்லாததால் ஆசிரியரின் கத்தரிக்கோலும் மழுங்குகிறது. எட்டுப் பக்கத்தில் முடிய வேண்டிய கட்டுரை முப்பது பக்கமாக ஓடுவதைப் பலமுறை கண்டிருக்கிறோம்.

எனினும் நான் அஞ்சுவது இவற்றை அன்று. பிரதி என்ற பொருளே இல்லாமற் போவதைத்தான்.

அச்சிதழ் ஐந்நூறு பிரதிகள் வெளியானால், வெளியான அன்றே அது ஐந்நூறு இடங்களில் இருக்கிறது. ஆசிரியர் இறக்கலாம், அச்சகம் மூடப்படலாம், நானூற்றுத் தொண்ணூறு பிரதிகள் எடைக்குப் போகலாம். எஞ்சிய பத்தில் ஒன்று ஏதோ ஒரு வீட்டுப் பரணில் கிடந்தால் போதும். காகிதம் அழியாது என்று சொல்ல வரவில்லை. இக்கரையில் வாழ்வோர் அதை நன்கறிவர். சிற்றிதழ்கள் அச்சான மலிவான தாளில் மரக்கூழின் லிக்னின் நீக்கப்படாமல் இருக்கும். ஒளியும் காற்றும் பட்டுத் தாள் பழுப்பேறி, அமிலம் கூடி, நொறுங்கும். உப்புக் காற்றும் ஈரமும் சேர்ந்தால் இதழைத் தைத்த கம்பி துருப்பிடித்து, அத்துரு பக்கங்களைத் தின்னும். இராமபாணப் பூச்சியும் கரையானும் தம் பங்கைச் செலுத்தும். 2020 நவம்பரில் நிவர் புயல் மரக்காணத்தை ஒட்டியே கரை கடந்தது. 2024 நவம்பர் இறுதியில் ஃபெஞ்சல் புயலின் மழையில் உப்பளங்கள் வெள்ளக்காடாயின. ஒரு வீட்டின் நூல் அலமாரி ஓரிரவில் அழிந்துபோக முடியும். ஆனால் ஐந்நூறு வீடுகளும் ஒரே இரவில் அழிவதில்லை.

இணைய இதழோ எத்தனை ஆயிரம் பேர் படித்தாலும் ஒரே இடத்தில் இருக்கிறது: ஆசிரியர் வாடகை கட்டும் ஒரு சேமிப்புக் கணினியில். வாசகர் தம் திரையில் காண்பது அங்கிருந்து அந்நேரத்திற்கு வரும் ஒரு தோற்றம். திரையை மூடினால் அவர் கையில் எஞ்சுவது ஏதுமில்லை. தளத்தின் பெயரும் ஆண்டு வாடகைக்கு உரியதே. வாடகை கட்டத் தவறினால் குறித்த நாள்களுக்குப் பின் அப்பெயரை வேறு எவரும் வாங்கலாம். ஆசிரியர் நோயுற்றாலோ, மனம் சோர்ந்தாலோ, கடவுச்சொல்லை எவரிடமும் சொல்லாமல் இறந்தாலோ, பத்தாண்டு உழைப்பு ஒரு காலாண்டில் மறைந்துவிடும். 2009 அக்டோபரில் யாகூ நிறுவனம் தன் 'ஜியோசிட்டீஸ்' இலவசத் தளச் சேவையை மூடியபோது உலகெங்கும் எண்ணற்ற தனியார் பக்கங்கள் அவ்வாறே மறைந்தன. ஆர்வலர் சிலர் முந்திக்கொண்டு படியெடுத்தவை மட்டுமே தப்பின.

தமிழுக்கு இன்னுமொரு தனித்துன்பம் நேர்ந்தது. அது எழுத்துரு பற்றியது. இளைய வாசகர்க்குத் தெரியாதிருக்கலாம் என்பதால் சற்று விரித்துரைக்கிறேன். கணினி எழுத்தை வடிவமாக அறியாது, எண்ணாக அறியும். 'அ' என்பதற்கு இன்ன எண் என்று எல்லாரும் உடன்பட்டால்தான் ஒருவர் எழுதியதை மற்றவர் படிக்க முடியும். 1990களில் தமிழில் அத்தகைய உடன்பாடு இல்லை. ஒவ்வொரு நிறுவனமும் ஆங்கில எழுத்துகளுக்குரிய எண்களில் தன் விருப்பப்படி தமிழ் வடிவங்களைப் பொருத்தி எழுத்துருக்களை உருவாக்கிற்று. ஓர் இதழைப் படிக்க அவ்விதழின் எழுத்துருவைத் தரவிறக்கிக்கொள்ள வேண்டும். இன்னோர் இதழுக்கு இன்னோர் எழுத்துரு. பின்னர் டிஸ்கி என்னும் தரம் உருவாயிற்று. 1999இல் சென்னையில் நடந்த தமிழ்நெட் மாநாட்டையொட்டித் தாம், தாப் என்னும் தரங்கள் வந்தன. உலகப் பொதுவான யூனிகோடில் தமிழ் 1991 முதலே இடம்பெற்றிருந்தும், விண்டோஸ் 2000 வந்த பிறகே பொதுப் பயனருக்கு அது எட்டிற்று. தமிழக அரசு அதனைத் தரமாக ஏற்றது 2010இல். இடைப்பட்ட காலத்தில் பழைய எழுத்துருக்களில் ஏறிய பக்கங்களில் மாற்றப்படாதவற்றை இன்று திறந்தால், திரையில் தெரிவது பொருளற்ற உரோமன் எழுத்துகளும் குறிகளுமே. கோப்பு அழியவில்லை, அதைப் படிக்கும் திறவுகோல் தொலைந்தது. நம்மவர்க்கு இது புதிதன்று. அறபுத்தமிழில் எழுதப்பட்ட கித்தாபுகள் கரையோர ஊர்களில் இன்னும் இருக்கின்றன. அவற்றை ஓதத் தெரிந்தவர் அருகிவருகின்றனர்.

தமிழ் முஸ்லிம்களின் இதழியல் வரலாறே இதற்குப் பாடம். கண்டியிலிருந்து முகம்மது காசிம் சித்திலெப்பை 1882இல் 'முஸ்லிம் நேசன்' இதழைத் தொடங்கினார். சிங்கப்பூரில் சி.கு. மகுதூம் சாயபு 1887 முதல் 1890 வரை 'சிங்கை நேசன்' வார இதழைத் தம் தீனோதய வேந்திரசாலையில் அச்சிட்டார். அதற்கு முன்னும் அந்நகரில் தமிழ் இதழ்கள் தோன்றியதாகக் குறிப்புகள் உண்டு. ஆனால் இன்று நாம் எடுத்துப் படிக்கக்கூடிய சிங்கப்பூர்த் தமிழ் இதழ்களுள் மூத்தது சிங்கை நேசனே. முந்தியவை பெயரளவில் நிற்க, இது மட்டும் இதழாகவே எஞ்சியது எவ்வாறு? 1886இல் அக்குடியேற்றப் பகுதியில் வந்த நூற்பதிவுச் சட்டம், அச்சாவனவற்றின் பிரதிகளை அரசிடம் ஒப்படைக்கப் பணித்தது. அவ்வாறு ஒப்படைக்கப்பட்டவை இலண்டன் சேர்ந்து, இன்று பிரிட்டிஷ் நூலகத்தில் உள்ளன. குடியேற்ற அரசு கண்காணிப்பின் பொருட்டுக் கேட்டு வாங்கிய பிரதி, நூறாண்டு கழித்து நமக்கு நம் முன்னோரின் குரலை மீட்டுத் தந்தது. நாகப்பட்டினத்திலும் காரைக்காலிலும் பினாங்கிலும் இருந்த வாசகர் இல்லங்களில் அது காக்கப்படவில்லை என்பது வருந்தத்தக்க உண்மை.

விடுதலை பெற்ற இந்தியாவில் இப்பணிக்கென 1954ஆம் ஆண்டின் நூல் ஒப்படைப்புச் சட்டம் வந்தது. 1956இல் அது செய்தித்தாள்களுக்கும் பருவ இதழ்களுக்கும் விரிவாக்கப்பட்டது. கொல்கத்தாவின் தேசிய நூலகம், சென்னை கன்னிமாரா நூலகம், மும்பை, தில்லி ஆகிய நான்கிடங்களுக்கும் பிரதி அனுப்புதல் வெளியீட்டாளரின் கடமை. ஆனால் சிற்றிதழ்களில் பல 'தனிச்சுற்றுக்கு மட்டும்' என்று அட்டையில் அச்சிட்டுக்கொண்டு, பதிவு செய்துகொள்ளும் சிரமத்திலிருந்து தப்பின. அத்தோடு நூலகத்திற்குப் பிரதி அனுப்பும் பழக்கத்திலிருந்தும் தப்பின என்பதே நாம் கவனிக்க வேண்டியது. இன்று பழஞ்சிற்றிதழ்களின் முழுத் தொகுதி ஒரே இடத்தில் கிட்டாமைக்கு இது ஒரு காரணம். கோட்டையூர் ரோஜா முத்தையா போன்ற தனிமனிதர் சேர்த்து வைத்திராவிட்டால் இழப்பு இன்னும் பெரிதாயிருக்கும். அவரது சேகரிப்பின்மேல் 1994இல் எழுந்ததே சென்னையின் ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம்.

இணைய இதழ்களைப் பொறுத்தவரை அந்த 1954ஆம் ஆண்டுச் சட்டம் வாய் திறக்கவில்லை. பிரிட்டன் 2003இல் சட்டமியற்றி, 2013 முதல் இணையப் பக்கங்களையும் ஒப்படைப்பு முறைக்குள் கொணர்ந்தது. சிங்கப்பூர் 2018இல் திருத்தம் செய்து, தன் நாட்டு இணையத்தளங்களைத் தேசிய நூலகமே படியெடுத்து வைக்க வழிசெய்தது. ஆஸ்திரேலியா 1996 முதலே 'பண்டோரா' என்னும் பெயரில் இதைச் செய்துவருகிறது. ஆதலால் பிரதியின் காவலை இங்கே அரசு ஏற்கும்வரை இதழாளரும் வாசகரும்தான் ஏற்க வேண்டியிருக்கிறது.

நம் மரபில் இதற்கு முன்மாதிரிகள் குறைவில்லை. பாக்தாதின் வர்ராக்குகள் படியெடுப்பதைத் தொழிலாகக் கொண்டிருந்தனர். படியெடுத்தபின் மூலத்தோடு ஒப்பிட்டுப் படித்து, ஒப்பிட்டேன் என்று ஓரத்தில் குறிக்கும் 'முகாபலா' முறை பேணப்பட்டது. ஒப்பிடாத பிரதிக்கு மதிப்பில்லை. நூல்களை வக்ஃபு செய்வதும் வழக்கம். வரலாற்றறிஞர் இப்னு கல்தூன் தம் 'கிதாபுல் இபர்' நூலின் ஒரு பிரதியை ஹிஜ்ரி 799இல், அதாவது 1396இல், மொராக்கோவின் ஃபெஸ் நகரத்துக் கரவிய்யீன் பள்ளியின் நூலகத்திற்கு வக்ஃபு செய்தார். நம்பகமானவர்க்கே தர வேண்டும், தகுந்த ஈடு பெற வேண்டும், இரண்டு மாதத்திற்கு மேல் எவரிடமும் இருத்தலாகாது என்று நிபந்தனையும் விதித்தார். தம் நூல் கெய்ரோவில் புகழோடு உலவிவந்த காலத்திலேயே, அதன் காவலைத் தம் ஆயுளுக்கு அப்பால் ஒரு நிறுவனத்திடம் ஒப்படைத்த அவ்வறிஞரின் முன்யோசனை, ஓர் இதழாசிரியர்க்கு இன்றும் பயன்படும்.

இன்றைய நிலையில் செய்யத்தக்கவை கடினமானவையுமல்ல. ஒவ்வோர் இதழையும் தளத்தில் ஏற்றுவதோடு, பக்க எண்ணும் இதழ் எண்ணும் தேதியும் கொண்ட ஒரு பிடிஎஃப் கோப்பாக, எழுத்துரு உள்ளடங்கிய வடிவில், அமைத்துவிடலாம். அக்கோப்பைப் பத்து வாசகர் இறக்கி வைத்துக்கொண்டால், பழைய ஐந்நூறு பரண்களுக்கு ஈடாகாவிட்டாலும் பத்துப் பரண்கள் ஆகும். 2005இல் இலங்கைத் தமிழ் ஆவணங்களுக்கெனத் தோன்றிய 'நூலகம்' திட்டம் தன்னார்வலரால் இத்தகைய பணியைத்தான் செய்கிறது. டொமினிக் ஜீவா 1966 முதல் 2012 வரை நடத்திய 'மல்லிகை'யும், பௌசரின் 'மூன்றாவது மனிதன்' இதழ்களும் இன்று அங்கே படிக்கக் கிடைக்கின்றன. 1981இல் யாழ்ப்பாண நூலகத்தின் தொண்ணூற்றேழாயிரம் நூல்கள் எரிந்ததைக் கண்ட சமூகத்திலிருந்து அத்திட்டம் எழுந்தது இயல்பே. 1996இல் நிறுவப்பட்ட அமெரிக்காவின் 'இன்டர்நெட் ஆர்க்கைவ்' நிறுவனமும் உலகின் இணையப் பக்கங்களை அவ்வப்போது படியெடுத்து வைக்கிறது. எந்தப் பக்கத்தையும் அதில் சேர்க்குமாறு எவரும் கோரலாம். கட்டணம் இல்லை. எனினும் ஓர் அயல்நாட்டு நிறுவனத்தை மட்டும் நம்பியிருப்பது ஒற்றைச் சுவடியை நம்பியிருப்பதற்கு ஒப்பாகும். வன்தகட்டில் ஒரு பிரதி, நூலகத்தில் ஒரு பிரதி, ஆண்டு மலராக ஐம்பது அச்சுப் பிரதிகள் என்று பிரித்து வைப்பதே அறிவுடைமை. முன்போல் ஆயிரம் பிரதி அச்சிட்டால்தான் அச்சகத்தார் ஏற்பர் என்ற நிலை இன்றில்லை. மின்னச்சு முறையில் ஐம்பது பிரதி மட்டும் எடுக்கலாம். அவற்றில் ஒன்று கன்னிமாராவுக்குப் போகட்டும். தனிச்சுற்று என்ற பழைய சாக்கை இம்முறை சொல்ல வேண்டாம். இணைய இதழ்களுக்கும் ஐஎஸ்எஸ்என் என்னும் பன்னாட்டு வரிசை எண் கட்டணமின்றி வழங்கப்படுகிறது என்பதைப் பல ஆசிரியர்கள் அறியாதிருப்பது வியப்பு.

ஒரு சிக்கலை மட்டும் முன்கூட்டியே தீர்த்துக்கொள்ள வேண்டும்: அது உரிமை பற்றியது. இந்தியச் சட்டப்படி எழுத்தின் உரிமை ஆசிரியரின் ஆயுளோடும் அதன்பின் அறுபது ஆண்டுகளோடும் நிற்கிறது. பழஞ்சிற்றிதழ்கள் எழுத்தாளரிடம் எழுத்துமூலம் ஒப்புதல் வாங்கியதில்லை. ஓர் அஞ்சலட்டையில் கேட்பர், கட்டுரை வரும், அச்சாகும். அதனால் அவ்விதழ்களை இன்று மின்வடிவாக்க முனைவோர் ஒவ்வொரு படைப்பாளியின் வாரிசையும் தேடி அலைகின்றனர்; ஓவியங்களுக்கும் நிழற்படங்களுக்கும் உரியவரைக் கண்டறிவது அதனினும் கடினம். இணைய இதழ் நடத்துவோர் படைப்பை ஏற்கும்போதே, அதனைத் தளத்தில் வெளியிடவும், கோப்பாக நூலகங்களில் வைக்கவும், ஆண்டு மலரில் அச்சிடவும் ஒப்புதல் பெற்றுவிடலாம். அதற்கு மூன்று வரிக் கடிதம் ஒன்று போதும். அக்கடிதங்களையும் இதழோடு சேர்த்தே காக்க வேண்டும்.